பொன் வைக்குமிடத்தில்

பொன் வைக்குமிடத்தில் பூ வைப்பது நம் முன்னோர் வழக்கு. பொன்னில்லார்க்கும் மங்கலம் உண்டென்பதே அதன் கருத்தாகும். ஆயினும் இந்நாளில் பொன்னில்லாத கழுத்து நாணத்திற்குரியதாய் எண்ணப்படுகின்றது. எமது ஊராகிய குறிஞ்சிப்பாடியில், கலியாணத்திற்குச் செல்லும்பொருட்டு அண்டை வீட்டிற் சங்கிலி இரவல் வாங்கி, அதனைத் திருப்பிக் கொடுக்குமளவும் நெஞ்சம் பதைத்திருந்த பெண்களை யாம் அறிவோம். கல்லூரி விழாநாளில் அணியொன்றும் இன்மையால் விடுதியறையிலேயே தங்கிவிட்ட மாணவியரும் உளர். இவர்பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

இரும்புக் கடையில் விற்கும் எளிய பொருள்களாலும் அழகிய அணிகள் செய்யலாகும் என்பதை உலகிற்குக் காட்டியவர் ஒரு கல்லூரியாரே. அமெரிக்காவில் வடகரோலினா மாகாணத்தில் 1933 முதல் 1957 வரை பிளாக் மவுண்டன் கல்லூரி நடைபெற்றது. ஜெர்மனியிலிருந்து 1933-இல் வந்த ஆனி ஆல்பர்ஸ் அம்மையார் அங்கு நெசவு கற்பித்தார். மெக்ஸிகோ நாட்டு மான்டே ஆல்பன் புதையலிற் பொன்னோடு எளிய சிப்பியும் இணையாய்க் கோக்கப்பட்டிருத்தலைக் கண்டு வியந்த அவர், அலெக்ஸ் ரீட் என்னும் மாணவருடன் கூடி அணிகள் செய்யலானார். அலுமினிய வாஷர்களைச் சிவப்பு நாடாவிற் கோத்தனர். கொண்டையூசிகளைச் சங்கிலியில் வரிசையாய்த் தொங்கவிட்டனர். கழுவுதொட்டியின் வடிதட்டைப் பதக்கமாக்கினர். இவர்தம் அணிகள் 1946-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்துக் கண்காட்சியில் இடம்பெற்றன.

இதனைச் செய்தவர் ஒரு நெசவாளர் என்பது கைத்தறி முழங்கும் எம்மூரார்க்கு வியப்பளிக்காது. தனி நூலுக்கு விலை ஏது? நெய்தவன் அமைத்த ஒழுங்கே அதனைக் கைலியாக்கி விலை பெறச் செய்கின்றது. அவ்வாறே வாஷருக்கும் கோப்பவன் கருத்தே மதிப்பைத் தரும்.

செய்முறையும் அரிதன்று. பித்தளை வாஷர்களைச் சவர்க்காரமிட்டு எண்ணெய் போகக் கழுவி, விளிம்பின் கூர்மையை அரத்தால் தேய்த்து, தறியில் மிஞ்சிய வண்ண நூலை முறுக்கிக் கோத்தால் மாலையாம். செப்புக் கம்பியைச் சுற்றினால் வளையலாம். இரும்பு துருப்பிடிக்கும், நிக்கல் பூச்சு சிலர்க்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், ஆதலின் அவற்றை விலக்குக. பித்தளை கறுப்பின், புளியிட்டுத் துலக்க மீண்டும் ஒளிரும்.

பொன் ஆபத்துக்கு உதவும், வாஷர் உதவுமோ என்பார் சிலர். உண்மையே. அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் பொன்னை யாம் இகழோம். அது சேமிப்பு, பெட்டியிலிருந்தே அப்பணியைச் செய்யும். கழுத்திலேறி ஏழைத் தோழியை நாணச் செய்தல் அதன் கடமையன்று.

இரும்புக் கடைச் சரக்கு ஏழைமையின் அடையாளமாகாதோ எனின், 1971-இல் கார்த்தியே என்னும் பெயர்பெற்ற நகை நிறுவனத்தார் சாதாரண ஆணியின் வடிவிலேயே பொற்காப்புச் செய்து செல்வர்க்கு விற்றனர் என்பதை நினைவிற்கொள்க. வடிவில் இழிவில்லை, அணிபவர் யார் என்பதிலேயே நாம் இழிவைக் காண்கின்றோம்.

ஆதலின் எமது வேண்டுகோள் பொன்னுடைய மாணவியர்க்கே முதலிற் சார்வதாகும். பொன்னில்லாதவள் மட்டும் அணியின் அது அவளது குறையாகவே பேசப்படும். அடுத்த விழாநாளில் பொன்னைப் பெட்டியில் வைத்து, உங்கள் கையாற் கோத்த பித்தளை மாலையுடன் வருக. அன்று விடுதியறைகள் யாவும் பூட்டியிருக்கக் காண்போம்.