பூனைக்கு நகம் வேண்டுமா, வேண்டாமா?



உங்கள் வலது கையை விரித்து, ஆள்காட்டி விரலைப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கம் மூன்று மடிப்புக் கோடுகள் தெரிகின்றனவா? விரல் நுனியிலிருந்து கீழே வரும்போது முதலில் வரும் கோட்டைத் தொடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது விரலின் கடைசி எலும்பு. நகம் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இன்று நாம் பேசப் போவது பூனையின் நகத்தைப் பற்றி. அமெரிக்காவில் பூனை வளர்க்கும் சிலர், அது பிறாண்டக் கூடாது என்பதற்காகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், அறுவை சிகிச்சை செய்து நகங்களை நிரந்தரமாக நீக்கிவிடுகிறார்கள். இதற்கு 'டீக்ளாயிங்' என்று பெயர். அங்கே பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம் இது.

'நம் ஊரில் அப்படி ஒரு வழக்கமே இல்லையே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?' என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பூனை திண்ணை, தோட்டம், கூரை என்று சுற்றும். பிறாண்டுவதற்கு அதற்கு மரம் கிடைக்கும். ஆனால், இப்போது அடுக்குமாடி வீடுகளிலும் பூனை வளர்க்கிறார்கள். புசுபுசுவென்று முடி உள்ள பெர்ஷியன் பூனையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சோபா கிழிந்தால், 'இதற்கு என்ன வழி?' என்ற கேள்வி வரத்தான் செய்யும். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ, 'இங்கே நகத்தையே எடுத்து விடுவார்கள்' என்று சொல்லவும் கூடும். அப்போது உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்க வேண்டும் அல்லவா?

பள்ளியில் பட்டிமன்றம் நடத்துவோமே, அதுபோல இரண்டு பக்கத்தையும் கேட்போம். பிறகு தீர்ப்புச் சொல்வோம்.

'நீக்கலாம்' என்பவர்கள் சொல்வது

முதலாவது: 'ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய சோபாவையும் திரைச்சீலையையும் பூனை நார்நாராகக் கிழித்து விடுகிறது.'

இரண்டாவது: 'வீட்டில் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிறார்கள். கீறிவிட்டால் என்ன செய்வது?'

மூன்றாவது: 'மருத்துவர்தானே செய்கிறார்? மயக்க மருந்து கொடுத்துத்தானே செய்கிறார்?'

நான்காவது: 'நகத்தை நீக்காவிட்டால் பூனையை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியிருக்கும். தெருவில் விடுவதைவிட இது மேல் இல்லையா?'

இவை எதுவும் அற்பமான வாதங்கள் அல்ல. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய பொருள் பாழானால் யாருக்கும் வருத்தம் வரும். பாட்டியின் கையில் ரத்தம் வந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எனவே, பதிலும் சரியாக இருக்க வேண்டும்.

நகம் என்று நாம் நினைப்பது வேறு

இப்போது உங்கள் ஆள்காட்டி விரலுக்கு வாருங்கள். நம் நகத்தை வெட்டினால் மீண்டும் வளர்கிறது. பூனையின் நகமும் அப்படித்தான். அது காலின் கடைசி விரல் எலும்போடு ஒட்டியே வளர்கிறது. நகத்தை மட்டும் எடுத்தால் மறுபடியும் முளைத்துவிடும். அதனால் இந்த அறுவை சிகிச்சையில் நகத்தோடு அந்தக் கடைசி எலும்பையும் சேர்த்தே எடுத்து விடுகிறார்கள். நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களே ஒரு கோடு, அந்த இடத்தில் விரலைத் துண்டிப்பதற்குச் சமம் அது!

பூனைக்கு முன்னங்கால் ஒன்றுக்கு 5 விரல்கள், பின்னங்கால் ஒன்றுக்கு 4 விரல்கள். மொத்தம் 18. பெரும்பாலும் முன்னங்கால்களில் மட்டும் இந்தச் சிகிச்சையைச் செய்வார்கள். அப்படியென்றால் 10 விரல்களின் நுனி போய்விடும்.

நாம் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கிறோம். பூனை அப்படி நடப்பதில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களாலேயே நடக்கும். அதன் உடம்பின் பாரம் முழுவதும் விரல்களில்தான் இறங்குகிறது. விரல் நுனியை எடுத்துவிட்டால், நடக்கும் முறையே மாறிப் போகிறது.

மயக்க மருந்து கொடுப்பது உண்மைதான். அறுவை சிகிச்சை நடக்கும்போது பூனைக்கு வலி தெரியாது. மயக்கம் தெளிந்த பிறகு? அந்தக் கால்களாலேயே அது நடக்க வேண்டும், மண்ணைக் கிளற வேண்டும், குதிக்க வேண்டும். 'வலிக்கிறது' என்று சொல்ல அதற்கு வாயும் இல்லை. பூனை வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பூனை ஏன் பிறாண்டுகிறது?

நம்மைக் கோபப்படுத்துவதற்காகப் பூனை சோபாவைப் பிறாண்டுவதில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நகத்தின் மேல் உறை பழசாகிவிட்டால், வெங்காயத் தோல் உரிவதுபோல் அதை உரித்துத் தள்ள வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டிச் சோம்பல் முறிக்க வேண்டும். மேலும், பூனையின் பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டும்போது அந்த வாசனை பொருளின்மேல் படியும். 'இது என் இடம்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதைப் போன்றது அது.

இன்னொன்றும் உண்டு. கதவு திறந்திருக்கும்போது பூனை வெளியே ஓடிவிட்டால், தெருநாய் துரத்தாதா? மரத்தில் ஏறித் தப்பிக்க நகம் வேண்டும். திரும்பி நின்று ஓர் அடி கொடுக்கவும் நகம் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் பதில்

கீறல் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நகத்தை எடுத்தாலும் பல் இருக்கிறதே! அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. 274 பூனைகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் சரிபாதி நகம் நீக்கப்பட்டவை. முதுகு வலி, கண்ட இடத்தில் அசுத்தம் செய்வது, கடிப்பது ஆகியவை நகம் நீக்கிய பூனைகளிடம் அதிகமாகக் காணப்பட்டன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பூனைகளின் பாதங்களில், சரியாக எடுக்கப்படாத எலும்புத் துணுக்குகள் மிச்சம் இருந்தன. நகம் நீக்கிய எல்லாப் பூனையும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கீறலுக்குப் பயந்து கடியை வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனமா? பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். கீறலைவிடக் கடி எளிதில் சீழ் பிடிக்கும்.

நான்காவது வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பிறாண்டியதற்காகத் துரத்தப்பட இருந்த பூனை, நகத்தை எடுத்த பிறகு வீட்டுக்குள் அசுத்தம் செய்ததற்காகத் துரத்தப்படலாம். விரலும் போய், வீடும் போய், நகமில்லாமல் தெருவில் நிற்கும் அந்தப் பூனையை நினைத்துப் பாருங்கள்!

சோபா வாதத்துக்கு என்ன பதில்? 'பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்' என்பார்கள். இங்கே சோபாவுக்குக் கொண்டாட்டம், பூனைக்குத் திண்டாட்டம்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை. கைச் செலவு அதிகம் இல்லாத வழிகள் இருக்கின்றன.

ஒரு கட்டையை எடுத்து, அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். கோணிச் சாக்கைச் சுற்றினாலும் சரி. பூனை பின்னங்காலில் நின்று உடம்பை முழுதாக நீட்டும் உயரம் இருக்க வேண்டும். ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். ஆடினால் பூனை அந்தப் பக்கமே வராது. அது தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எழுந்ததும் அதற்குப் பிறாண்டத் தோன்றும் அல்லவா? கட்டையைப் பிறாண்டினால் தட்டிக்கொடுத்து, பிடித்த தீனி கொடுங்கள். சோபாவைப் பிறாண்டினால் அடிக்காதீர்கள். மெல்லத் தூக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் விடுங்கள். சோபாவின் மூலையில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டி வைத்தால், காலில் பிசுபிசுப்பதால் பூனை விலகிப் போகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் கூர்மையான நுனியை மட்டும் வெட்டிவிடலாம். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் ரத்தக் குழாயும் நரம்பும் உள்ளன. அதை வெட்டக் கூடாது. இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். முதல் தடவை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்லப் பிராணிகளைக் காப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் 1987-இல் செய்துகொண்ட ஒப்பந்தம், நகம் நீக்குவது கூடாது என்கிறது. பிரிட்டனில் 2006-இல் வந்த விலங்கு நலச் சட்டம் இதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2003-இல் மேற்கு ஹாலிவுட் என்ற நகரம் முதலில் தடை விதித்தது. 2019-இல் நியூயார்க், மாநிலம் முழுவதற்கும் தடை விதித்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அங்கே மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். ஆனாலும், அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்கு இன்னும் தடை இல்லை.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், எந்த விலங்கின் உறுப்பையும் கொடுமையாகச் சிதைப்பது குற்றம் என்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பூனையின் விரலில் கட்டி வந்தாலோ, ஆறாத புண் வந்தாலோ, அதன் உயிரைக் காப்பாற்ற மருத்துவர் அந்த விரலை எடுக்கலாம். அது வைத்தியம். மனிதருக்கும் அப்படிச் செய்வதுண்டு. தடை விதித்த நியூயார்க் மாநிலச் சட்டமும் இதை அனுமதிக்கிறது. பூனையின் நன்மைக்காகச் செய்வது வேறு. சோபாவின் நன்மைக்காகச் செய்வது வேறு.

நம் பங்கு என்ன?

பூனை கீறுவதற்குப் பாதி நேரம் நாமே காரணம். வாலை இழுக்காதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொந்தரவு செய்யாதீர்கள். காதைப் பின்னால் மடக்கி, வாலை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினால், 'போதும், விடு' என்று பொருள். உடனே விட்டுவிடுங்கள். வெறும் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். கயிற்றில் கட்டிய பந்தை ஆட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கீறல் பட்டுவிட்டால், பயந்துகொண்டு மறைக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். உடனே அம்மா அப்பாவிடம் சொல்லி, மருத்துவரிடம் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரலாம். வளர்க்கும் பூனைக்கு அதற்கான தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும்.

தீர்ப்பு

என் தீர்ப்பு இதுதான்: நோய்க்காக அன்றி, நம் வசதிக்காகப் பூனையின் நகத்தை நீக்கவே கூடாது. பூனையை வீட்டுக்கு அழைத்து வரும்போது அதன் மியாவ் சத்தமும் வருகிறது, முடியும் வருகிறது, நகமும் வருகிறது. இதில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு, பிடிக்காததை வெட்டி எறிய நமக்கு உரிமை இல்லை. நகமில்லாத பூனைதான் வேண்டும் என்றால், பொம்மைக் கடையில் கிடைக்கும்.

எனவே, பூனை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கட்டை வைக்க இடம் இருக்கிறதா? நகம் வெட்டிவிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? தாத்தா, பாட்டிக்குச் சம்மதமா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு பூனையைக் கொண்டு வாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் கொண்டு வராமல் இருப்பதும் ஓர் அன்புதான்.

என் தீர்ப்பை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. இதே தலைப்பில் உங்கள் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடத்திப் பாருங்கள். 'நீக்கலாம்' அணியில் பேசுபவர்கள், பேசத் தொடங்கும் முன் தங்கள் ஆள்காட்டி விரலின் முதல் கோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்!