நிற்பவர்க்கும் ஓர் ஆசனம்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சென்னைத் தியாகராய நகரிலோ மதுரையிலோ உள்ள பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் நுழைந்து, நமக்கென்று போட்டிருக்கும் ஆசனத்தில் வசதியாக அமர்ந்து, பத்துப் புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பதினோராவதை வாங்கிக்கொண்டு புறப்படுகிற நம்மில் எத்தனை பேர், அவ்வளவு நேரமும் நமக்கு எதிரே நின்றுகொண்டிருந்த பெண்ணின் பாதங்களை ஒரு கணமேனும் நினைத்துப் பார்த்திருப்போம்? காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கியவள் அவள். நாம் போன பிறகு அந்தப் பத்துப் புடவைகளையும் மடித்து அடுக்கிவிட்டு, அடுத்து வருகிறவருக்காக மறுபடியும் நிற்பாள்.

இந்த நிற்றலுக்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் தீர்மானித்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு கடையிலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றும், வேலையின் நடுவே உட்காரச் சந்தர்ப்பம் வாய்க்கும்போது அவர்கள் உட்கார இயல வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2018இல், கேரளம் இந்த வழியில் அடியெடுத்து வைத்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள், பி. விஜி என்ற தையற்கலைத் தொழிலாளியின் தலைமையில் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடியதன் பயன் அது.

இவ்வளவு எளிய ஒரு நியாயம் சட்டமாவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. பெண் சிப்பந்திகள் மூவருக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்து 1899லேயே சட்டம் இயற்றிற்று. நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இருக்கை வசதி தேவை என்று நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கூறிற்று. அதற்கு ஓராண்டு முன் பிறந்த நம் கடைகள் சட்டமோ, நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தும், அந்த எட்டு மணி நேரமும் ஒரு மனித உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுபத்து நான்கு ஆண்டுகள் கவனியாமலே இருந்துவிட்டது.

வியாபாரிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியைக் கண்டால் வாடிக்கையாளர் தம்மை மதிக்கவில்லை என்று எண்ணி அடுத்த கடைக்குப் போய்விடுவார், போட்டி மிகுந்த தொழிலில் அத்தகைய நஷ்டத்தை ஏற்க இயலாது, என்கிறார்கள் அவர்கள். ஆனால் வங்கியில் பணம் எண்ணித் தருபவர் உட்கார்ந்துதான் தருகிறார். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குபவர் உட்கார்ந்துதான் வழங்குகிறார். அவர்களால் நம் மரியாதைக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை. நம் பழைய ஜவுளிக்கடைகளிலேயே, வெள்ளை விரிப்பு விரித்த மெத்தையில் வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே அமர்ந்து, மடியிலே புடவையை விரித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்து விலை பேசிய காட்சி நம் பாட்டிமார் நன்கு அறிந்தது. ஆகவே நிற்க வைப்பது நம் வியாபார மரபு அன்று. மாடி மேல் மாடியாகக் கடைகள் உயர்ந்த காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு உடல் செலுத்தும் விலையோ பெரிது. காலில் இறங்கிய இரத்தம் மேலேறி இதயத்தை அடையக் கெண்டைக்கால் தசைகளின் அசைவு துணை செய்ய வேண்டும். அசையாமல் நின்றால் அந்தத் துணை குன்றி, இரத்தம் தேங்கி, நாளடைவில் நரம்புகள் புடைத்துச் சுருண்டு வலிக்கின்றன. இருபது வயதில் வேலைக்கு வந்த பெண் நாற்பது வயதில் படியேற வருந்துவாளாயின், அந்தக் கணக்கு எந்தக் கடையின் பேரேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. அவள் குடும்பமே அதைச் சுமக்கிறது.

இங்கேதான் சட்டத்தின் எல்லையும் தெரிகிறது. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆய்வாளர் ஒருவர் என்றோ ஒரு நாள் வரலாம். ஆனால் உட்காரச் 'சந்தர்ப்பம்' வாய்த்ததா என்பதை ஒவ்வொரு மணி நேரமும் தீர்மானிக்கிறவர் தள மேற்பார்வையாளர். அவர் முகம் சுளித்தால் நாற்காலி இருந்தும் இல்லாததே. அவர் கண்ணாலே சம்மதம் காட்டினால் சட்டப் பிரிவின் எண்ணைக்கூட அறியாத பெண்ணும் அஞ்சாமல் அமர்வாள். இவ்வாறு, சட்டம் முடிகிற இடத்தில் முதலாளியின் மனச்சாட்சிக்கும், அவருடைய லாப நஷ்டக் கணக்கை நிர்ணயிக்கிற வாடிக்கையாளரின் மனச்சாட்சிக்கும் வேலை தொடங்குகிறது. வியாபாரம் நம் முகத்தைப் பார்த்தே நடக்கிறது. நாம் எதைப் பொறுத்துக்கொள்கிறோமோ அது கடையில் நிலைக்கும், எதை விரும்புகிறோமோ அது கடையில் வரும். 'வாடிக்கையாளர் விரும்பமாட்டார்' என்று நம் பெயரால் சொல்லப்படும் காரணத்தை இல்லாமற் செய்ய நம்மால்தான் முடியும்.

வீட்டுக்கு எவர் வந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்பதே நாம் சொல்லும் முதல் உபசாரம். நின்றபடியே ஒருவரைப் பேச வைத்து அனுப்புவதை அவமதிப்பாகக் கருதும் குணம் நம்முடையது. வீட்டு வாசலில் நமக்கு இயல்பாக இருக்கும் அந்தத் தர்மம், கடை வாசலை மிதித்தவுடன் நம்மை விட்டு நீங்க வேண்டிய அவசியம் என்ன? ஆதலால் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, எதிரே நிற்கும் பெண்ணிடம் 'நீங்களும் உட்கார்ந்தே காட்டுங்கள், அம்மா' என்று மேற்பார்வையாளரின் காதில் விழும்படி சொல்லுங்கள். நாற்காலி இல்லை என்று அவள் சொன்னால், பணம் கட்டும் இடத்தில் முதலாளியிடம் அது ஏன் இல்லை என்று கேளுங்கள்.