பூந்தமல்லிச் சாலையின் மறுமுனையில்

ஞாலத்தின் நடுவம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மாந்தன் துளைத்த ஆழமோ, உருசியாவின் கோலாவில் 1989-இல் எட்டிய 12,262 மீட்டரே. ஆயினும் ஆத்திரேலிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முனைவர்ப் பட்ட மாணவி ஒருவர், நிலநடுக்க அலைகள் ஞாலத்தை ஊடுருவிக் கடந்த நேரங்களைப் பல்லாயிரம் மாதிரிகளோடு ஒப்பிட்டு, இரும்பாலான உட்கருவின் நடுவே வேறோர் அமைப்பு உண்டு என்பதற்குச் சான்றுகளை 2021-இல் வெளியிட்டார். தோண்டாமலே கண்ட ஆழம் அது.

இத்தகைய ஆய்வு அயல்நாட்டார்க்கே உரியது என்று அம்பத்தூர், ஆவடி இளைஞர் ஒதுங்குவது ஏன்? தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களாதலின், பொறியியலே கல்வி என்னும் எண்ணம் பெற்றோர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. சோறு தரும் கல்வியைப் பழிப்பார் யார்? ஆனால், பூந்தமல்லியினின்று பரங்கிமலைக்கு நாள்தோறும் பேருந்தேறுவோருள் எத்துணைப் பேர், அச்சாலையின் மறுமுனையில் நிற்கும் பாறை நில ஆழத்தினின்று வந்தது என்பதை அறிவர்?

ஆழம் அலையாக மட்டுமன்றிக் கல்லாகவும் மேலே வருகின்றது. பரங்கிமலை, பல்லாவரக் குன்றுகளின் கருநீலப் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன், நிலமேலோட்டின் அடிப்பகுதியில், 700 செல்சியசு பாகைக்கு மிகுந்த வெம்மையில் உருப்பெற்றது. மேலே கிடந்த அத்தனைப் பாறையும் தேய்ந்து அகன்ற பின்னரே அது வெயில் கண்டது. இவ்வகைப் பாறைகளின் கனிம மணிகளுக்குள் கரியமில வளி நுண்துளிகளாக அடைபட்டிருக்கும். அத்துளிகளின் செறிவைக் கொண்டு, அவை சிறைப்பட்டபோது நிலவிய அழுத்தத்தையும், அதனால் ஆழத்தையும் அறிஞர் கணிக்கின்றனர்.

இக்கல்லுக்கு உலகம் வழங்கும் பெயர் சார்னோக்கைட்டு. 1693-இல் இறந்த ஆங்கில வணிகர் சாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறையில் இவ்வகைக் கல்லைக் கண்டு, தாமசு ஆலந்து என்னும் நிலவியலறிஞர் 1893-இல் இட்ட பெயர் அது. தமிழகக் குன்றின் கல்லுக்கு அயலான் கல்லறையால் பெயர்! (குன்றின் பெயரே பரங்கியோடு ஒட்டிக்கொண்ட பின், கல்லை நொந்து என்ன பயன்?) ஆலந்தைக் குறைகூற இடமில்லை, கல்லறையிலும் கல்லைக் காணும் கண் அவர்க்கு இருந்தது. தமிழர் கையிலோ அக்குன்றுகள் சாலைக்குச் சல்லியாயின.

மேலோடு, இடையோடு, வெளிக்கரு, உட்கரு என்று சொல்லத் தமிழில் எத்தடையும் இல்லை. மாநிலக் கல்லூரியிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் நிலவியல் துறைகள் உள்ளன. பல்லாவரப் பாறையின் ஒரு சில்லை ஒளி ஊடுருவுமளவு தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து ஆராயும் பணி, அம்பத்தூரில் காலையில் தொடர்வண்டியேறி மாலையில் வீடு திரும்பும் முதுகலை மாணவர்க்கும் இயலும்.