படிக்கட்டு தரைக்குள் மறையக் கூடாது

புது வீட்டில் மரத்தரை போடுகிறவர்கள் பாலிஷ்காரரிடம் வைக்கும் முதல் நிபந்தனை, படிக்கட்டும் தரையும் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்பதுதான். சென்னையிலும் கோவையிலும் இன்று கட்டப்படும் மாடிவீடுகள் சிலவற்றில் கூடத்துத் தரை லேமினேட்டாகவோ ஓக் இன்ஜினியர்டு பலகையாகவோ இருக்கிறது. படி மட்டும் தேக்கு. இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவர ஸ்டெயினுக்கு மேல் ஸ்டெயின் ஏற்றுகிறார்கள். இந்த ஆசையைக் கைவிடுவது நல்லது. அது நிறைவேறுவது அரிது, நிறைவேறிவிட்டால் ஆபத்து.

ஸ்டெயின் மரத்தை மூடி மறைப்பதில்லை, மரத்தின் சொந்த நிறத்தோடு கலந்தே தெரியும். ஒரே டப்பாவிலிருந்து பூசினாலும் தேக்கில் ஒரு நிறம் வரும், ஓக்கில் வேறொன்று வரும். ஒரே தேக்குப் பலகையில்கூட வெட்டுமுனை ஸ்டெயினை அதிகம் குடித்து மேற்பரப்பைவிடக் கறுத்துவிடும். இதையெல்லாம் கைதேர்ந்த பாலிஷ்காரர் சமாளித்துவிடலாம். காலத்தை அவரால் சமாளிக்க முடியாது. புதிதாக இழைத்த தேக்கு திட்டுத்திட்டாகத் தெரிந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாகச் சீராகும். வால்நட் அதற்கு நேர்மாறாக வெளுக்கும். எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் பூச்சு ஆண்டுகள் போகப் போக மஞ்சளிக்கும். நீர் சார்ந்த பூச்சு அந்த அளவுக்கு மஞ்சளிக்காது. லேமினேட்டில் நாம் பார்ப்பது அச்சிட்ட தாள், அது தேக்கு மாறும் வழியில் மாறாது. கிரகப்பிரவேசத்தன்று பொருந்திய இரண்டும் சில ஆண்டுகளில் விலகிவிடும். அப்போது கண்ணை உறுத்துவது அந்தச் சிறு விலகல்தான். முழுக்க வேறான இரண்டு நிறங்கள் அப்படி உறுத்துவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் ஆத்தங்குடித் தரையின் மேல் நிற்கின்றன. அங்கே யாரும் நிற ஒற்றுமை தேடுவதில்லை, அந்த அழகில் குறையும் காண்பதில்லை.

அழகைவிட எனக்குக் கவலை தருவது படியின் விளிம்பு. ஏறும்போது ஒவ்வொரு படியின் முகமும் கண்ணுக்கு நேரே இருக்கிறது. இறங்கும்போது அது தெரியாது. மிதிக்கும் பரப்புகள் மட்டுமே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அவை எல்லாம் ஒரே நிறம், ஒரே ரேகை, அடியில் விரிந்திருக்கும் தரையும் அதே நிறம் என்றால், அகலமான ஒரே பலகையை விரித்ததுபோல் ஆகிவிடுகிறது. கடைசிப் படி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது மாலை வெளிச்சத்தில் பிடிபடாது. கண்புரை உள்ளவர்களுக்கும் பைஃபோகல் கண்ணாடி அணிந்தவர்களுக்கும் நிலைமை இன்னும் மோசம். உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாகவும், அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாமே படிக்கட்டில் நேர்ந்தவை அல்ல. ஆனால் வீட்டில் விழுவதைத் தவிர்க்கக்கூடிய இடங்களில் படிக்கட்டும் ஒன்று. இங்கிலாந்தின் கட்டட விதிகள் பொதுக் கட்டடப் படிகளின் விளிம்பில் 55 மி.மீ. அகலத்துக்கு மாறுபட்ட நிறம் கேட்கின்றன. அந்த விதி வீட்டுக்குள் வராது. ஆனால் வெளியே தடுமாறும் கண்தானே வீட்டிலும் தடுமாறும்? படியின் முகத்துக்கு மட்டும் வெள்ளை அடிக்கும் இன்றைய பழக்கம், ஏறுகிறவருக்கு உதவும் அளவுக்கு இறங்குகிறவருக்கு உதவாது.

சிறிய வீட்டில் ஒரே நிறம் ஓடினால்தான் இடம் பெரிதாகத் தெரியும் என்பார்கள். அது உண்மை, அந்த விரிவு தேவையும்கூட. ஆனால் அதைத் தரையும் சுவரும் தந்துவிடும், படி அதற்காக மறைய வேண்டியதில்லை. நிறங்கள் வேறானால் வீடு ஒட்டுப்போட்டதுபோல் ஆகிவிடாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆழத்தில் வேறுபாடு, சாயலில் ஒற்றுமை என்று வைத்தால் அப்படி ஆகாது. தரை மஞ்சள் சாயும் வெளிர் ஓக் என்றால், படியும் அதே மஞ்சள் பக்கம் சாயும் பழுப்புத் தேக்காக, தெளிவாக இரண்டு மூன்று நிலை கறுத்து இருக்கட்டும். செம்மை ஓடும் ஸ்டெயின் வேண்டாம். பளபளப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், மேட் பூச்சானால் நல்லது. கண்ணாடிபோல் மின்னும் பி.யு. பாலிஷில் விளக்கொளி பட்டுத் தெறித்து விளிம்பை இன்னும் மறைக்கும். தரையும் படியும் ஒரே மரமாக, ஒரே லாட்டில் வாங்கி, ஒரே நேரத்தில் பாலிஷ் போட வசதி உள்ளவர்கள் தாராளமாக அப்படிச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு படியின் மூக்கிலும் மாறுபட்ட மரத்தில் ஒரு பட்டையைப் பதிக்கச் சொல்ல வேண்டும். பட்டை படியோடு சமமட்டமாக இருக்க வேண்டும், துருத்தினால் அதுவே காலை இடறும். அதன் செலவு மொத்த வேலையில் சிறு பங்குதான்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கடையில் காட்டும் கையகலத் துண்டைப் பார்த்து நிறத்தை முடிவுசெய்யாதீர்கள். படிக்கு வாங்கிய அதே மரத்தின் மிச்சத்துண்டில் பாலிஷ் போடச் சொல்லி, அதைத் தரையின் மேல் வைத்து, விளக்கு ஏற்றிய பிறகு மாடியிலிருந்து குனிந்து பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். துண்டின் ஓரம் எங்கே என்று அவரால் உடனே காட்ட முடியாவிட்டால், ஸ்டெயினை மாற்றச் சொல்ல அப்போதும் நேரம் இருக்கிறது.