மலைவழியும் பழைய புல்லட்டும்

விடுமுறை அணுகியதும் நம் கல்லூரி நண்பருட் சிலர் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் லடாக் செல்ல ஆயத்தமாகின்றனர். 1955-ஆம் ஆண்டு தொடங்கித் திருவொற்றியூரில் உருப்பெற்ற வண்டி இமயம் ஏறுவது நமக்கும் பெருமையே. ஆயினும் புறப்படுமுன் அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் எமக்கு உடன்பாடன்று.

நோயின் முதலை நோக்குவாம். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தது. கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர். (அங்கு நின்ற பலகை 18,380 அடி எனப் புகன்றது மிகையே.) அவ்வுச்சியிற் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியளவே. காற்றுக் குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்கக் கார்புரேட்டர் அறியாது. எனவே கலவையிற் பெட்ரோல் மிகும், புகை கறுக்கும், பிளக்கிற் கரி படியும், வண்டி இருமி நிற்கும். பெட்ரோலைத் தாமே அளந்து தெளிக்கும் புதிய வண்டிகளுக்கு இத்தொல்லை இல்லை.

இதற்கு மருந்தெனக் காற்று வடிகட்டியைக் கழற்றி எறிவார் பலர். புழுதி மிக்க அவ்வழியில் இது சிலிண்டரை அரத்தால் அராவுதற்கு ஒப்பாம். முறையான வழியோ எளிது. முதன்மை ஜெட்டை ஓரிரண்டு அளவு சிறியதாக மாற்றுக. ஊசியிலுள்ள கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றி ஊசியைத் தாழ்த்துக. காற்றுத் திருகைச் சிறிது தளர்த்துக. பின்னர்ச் சிறிது தூரம் ஓட்டிப் பிளக்கின் நிறத்தைக் காண்க. கறுப்பு நீங்கிப் பழுப்பு வரின் போதும். இத்துணை செய்தும் இழந்த வலிமை முழுதும் மீளாது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு போயே தீரும். இல்லாத காற்றை எந்த மெக்கானிக்கும் தரான். முதற் கியரில் மெல்ல ஏறுதலும், பின்னிருப்போன் இறங்கி நடத்தலும் இழிவல்ல.

இனி, யாம் அஞ்சுவது ஏற்றத்தையன்று, இறக்கத்தையே. மலைக்கென மெலிவித்த கலவையோடு சண்டிகர்ச் சமவெளியில் விரைந்தால் எஞ்சின் அளவிறந்து கொதிக்கும். பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் ஓட்டத்தின் நடுவே பூட்டிக்கொள்ளும். பின்னே லாரி வருமாயின் என் ஆகும்? ஆதலின் கழற்றிய பெரிய ஜெட்டை உடன் கொண்டு சென்று, மணாலி வந்ததும் மீளப் பொருத்துதல் வேண்டும். அஃது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருள். அதனை விடுதி மேசைமேல் மறந்து சென்றாரைச் சென்ற ஆண்டும் கண்டோம்.