மூப்பு வேறு, பிணி வேறு

இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள் அறுபதையும் எழுபதையும் கடந்தோர் பலர். இளைய மாணவர்க்கும் வீட்டில் அவ்வயதினராகிய பாட்டன் பாட்டியர் உளர். ஆதலின், தமிழாசிரியராகிய நாம் மருத்துவஞ் சார்ந்த பொருளொன்றை இங்கு எடுத்துப் பேசுவதை அன்பர்கள் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம்.

நம் முன்னோர் பிறப்பு, பிணி, மூப்பு, சாக்காடு என்று துன்பங்களை அடுக்கியபொழுது பிணிக்கும் மூப்புக்கும் தனித்தனி இடங் கொடுத்தனர். நாமோ அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். முதியவர் ஒருவர் அசதி என்கிறார், மறதி என்கிறார், எலும்பு நோகிறது என்கிறார். “வயது போனால் அப்படித்தான்” என்று கூறி அமைகின்றோம். இவ்விடை பல வேளைகளில் உண்மை. சில வேளைகளில் பெருந் தீங்கு விளைக்கும் பொய்.

கழுத்திலே தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தில் அரிசிமணி அளவினவாய்ப் பெரும்பாலும் நான்கு சிறு சுரப்பிகள் உள. பராதைரொயிட்டு என்பது அவற்றின் பெயர். குருதியிற் கல்சியத்தின் அளவைக் காப்பது அவற்றின் தொழில். அவற்றுள் ஒன்று புற்றல்லாத கட்டியாய்ப் பருத்து அளவின்றிச் சுரக்குமாயின், எலும்பிலுள்ள கல்சியம் குருதிக்கு இழுக்கப்படும். எலும்பு நலியும், சிறுநீரகத்திற் கல் தோன்றும், தாகமும் மலச்சிக்கலும் மனச்சோர்வும் தொடரும். மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே இது மிகுதி. கல்சியத்தையும் அச்சுரப்பியின் ஓமோனையும் ஒருங்கே அளக்கும் குருதிப் பரிசோதனையால் இதனை அறியலாம்.

1925ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் பீலிக்ஸ் மாண்டில் என்னும் சத்திரவைத்தியர், எலும்பு நலிந்து கிடந்த திராம்வண்டி ஊழியர் ஒருவரின் கழுத்திலிருந்து இத்தகைய கட்டியொன்றை அகற்றினார். சில ஆண்டுகளின் பின் நோய் மீண்டதாயினும், அந்நோயாளர் அன்று நோவு தணிந்து கோலூன்றி நடந்தார். அமெரிக்கக் கப்பற்றலைவர் சாள்ஸ் மாட்டெல் என்பார்க்கோ, 1932இல் ஏழாம் முறை சத்திரசிகிச்சை செய்தபொழுதே கட்டி நெஞ்சறையினுள் அகப்பட்டது. அவர் சில வாரங்களில் இறந்தார். இன்று படக்கருவிகள் கட்டியின் இருப்பிடத்தை முன்னரே காட்ட உதவுகின்றன. பயின்ற கையினர் செய்யின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

இங்ஙனமாகவும், “இந்த வயதிற் கத்தி எதற்கு?” என்று தடுப்போர் உளர். அறிகுறி இல்லாவிடினும் ஐம்பது வயதுக்கு உட்பட்டோர்க்குச் சத்திரசிகிச்சை தகும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. ஐம்பதைக் கடந்தோர்க்கு அது தகாது என்று அந்நெறி கூறவில்லை. எலும்பு நலிந்தோர், சிறுநீரகத்திற் கல்லுடையோர், சிறுநீரகத் தொழில் குன்றியோர், குருதிக் கல்சியம் உரிய மேலெல்லையை 1 மில்லிகிராமுக்கு மேல் விஞ்சியோர் ஆகியோர்க்கு, எவ்வயதினராயினும், அது பரிந்துரைக்கப்படுகின்றது.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. மயக்கமருந்தை இதயம் தாங்காதிருக்கலாம். குரல் நரம்பு ஊறுபடலாம். பின்னர்க் கல்சியம் மிகத் தாழலாம். நோய் மெலிதாயுள்ளோரைப் பத்தாண்டு தொடர்ந்து நோக்கிய ஸ்கந்திநேவிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இறப்பில் வேறுபாடு அதிற் காணப்படவில்லை. ஆகவே எல்லார்க்கும் கத்தி வேண்டியதில்லை. ஆயினும் கத்தி வேண்டாதார்க்கும் கண்காணிப்பு வேண்டும்: ஆண்டுதோறும் குருதிப் பரிசோதனையும் உரிய காலத்தில் எலும்புச் செறிவுப் பரிசோதனையும் இன்றியமையாதன. எலும்பு நோவுக்கென்று மருத்துவரைக் கேளாது கல்சிய மாத்திரை விழுங்குதலும் தகாது.

நாம் வற்புறுத்துவது இதுவே. முடிவு செய்ய வேண்டியது பிறந்த ஆண்டன்று. உடலின் வலிமையும் நோயின் கடுமையும் முதியவரின் விருப்பமுமே. அவரை அருகிருத்தி, அவரைக் கேளாமலே பிள்ளைகள் தீர்ப்பளித்தல் அன்பாகாது. தொடையெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தபின் வருந்துவதினும், அசதி என்று அவர் சொன்ன அன்றே குருதியைச் சோதிப்பித்தல் நன்று. மூப்புக்கு மருந்தில்லை, மூப்பென்று நாம் தவறாகப் பெயரிட்ட பிணிக்கு மருந்துண்டு.