வேலியோரப் புதரை விட்டுவைப்போம்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் துப்புரவுப் பணி நடைபெற்றது. பெற்றோர் பலர் புல்வெட்டிகளுடன் வந்து உதவினர். திடலுக்கும் பின்புறக் காட்டுக்கும் இடையே மண்டியிருந்த புதர் முழுவதும் அகற்றப்பட்டது. வெட்டச் சொன்னவர்களில் நானும் ஒருவன். மறுவாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களை அறிவியல் பாடத்திற்காக அங்கே அழைத்துச் சென்றபோதுதான் என் தவறு விளங்கியது. எருக்கஞ்செடி இல்லை, அதன் இலைகளைத் தின்றுகொண்டிருந்த புழுக்களும் இல்லை.

"முன்புறப் பூந்தோட்டத்தில்தான் நிறைய பூ இருக்கிறதே ஐயா?" என்றாள் ஒரு மாணவி.

பூ, வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தரும். புழுவுக்கோ குறிப்பிட்ட இலை வேண்டும். செம்மஞ்சள் இறகில் கருமுனை கொண்ட வண்ணத்துப்பூச்சி எருக்கு இனச் செடிகளைத் தேடியே முட்டையிடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஆகும். நாம் விலை கொடுத்து வாங்கி வைக்கும் அழகுச் செடிகளில் பெரும்பாலானவை அவற்றுக்கு வெறும் உணவுக்கடையே, வீடு அன்று.

காட்டோரத்தை அவை விரும்புவதற்குக் காரணம் உண்டு. காலை வெயிலில் இறகை விரித்து உடலைச் சூடேற்றிய பின்னரே அவற்றால் நன்கு பறக்க இயலும். திடல் வெயில் தரும். மரங்கள் காற்றைத் தடுக்கும். நண்பகலில் ஒதுங்க நிழலும் அருகிலேயே உண்டு. பழுப்பு நிறச் சிறு இனங்கள் சில நிழலை விட்டு வெளியே வருவதே அரிது. வேறு சில, விளிம்பையே பாதையாகக் கொண்டு அதனை ஒட்டிப் பறந்து செல்லும்.

கோப்பெங் அருகே உலு கெரோவுக்குச் சுற்றுலா சென்றவர்கள் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைக் கண்டிருப்பீர்கள். 1855ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பெயர் சூட்டிய இனம் அது. ஈரமண்ணில் கனிமநீர் உறிஞ்சக் கூடுபவை ஆண்களே. பெண்கள் பெரும்பாலும் மர உச்சிகளில் இருக்கும். புழுக்கள் தின்பதோ காட்டினுள் வளரும் ஆடுதீண்டாப்பாளை இனக் கொடியை. நாம் படமெடுப்பது ஈரமண்ணை மட்டுமே.

பாம்பு வரும், கொசு பெருகும் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. எனினும் டிங்கிக் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், புல்லில் அன்று. வகுப்பறை ஓரத்தையும் நடைபாதையையும் தாராளமாக வெட்டுவோம். வேலிக்கு அப்பால் இரண்டு மீட்டரை மட்டும் விட்டுவிடலாம், களைக்கொல்லியும் அடிக்காமல்.

கோயில் வளாகத்திலிருந்து இரண்டு எருக்கங்கிளைகளைக் கேட்டு வாங்கி நட்டுள்ளோம். (அதன் பால் பிள்ளைகளின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒன்று துளிர்த்துள்ளது. இன்னும் முட்டை எதுவும் இல்லை.